கந்த சஷ்டியும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

நவம்பர் 1, 1959. ஞாயிறு

விடிகாலையிலிருந்து மழை. குழாயடியில் வரிசை இல்லை. நிம்மதியாகத் தலைக்குக் குளித்தேன். சஷ்டி முதல் நாள். பகலில் தண்ணீர் மட்டும், இரவு பாலும் பழமும். சிங்கப்பூர் வந்து இது இரண்டாவது சஷ்டி.

வாங்க வேண்டியவை: பால், வாழைப்பழம், கற்பூரம், திரி.

அவருக்கு இட்லி வைத்தபோது, "இந்த வருஷம் வேணாமே கமலா. உடம்பு தாங்காது" என்றார். போன வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயிலுக்குப் பூக்கூட வாங்கி வந்தார். இப்போது மட்டும் ஏன்? குழந்தைக்காகத்தானே இருக்கிறேன். குழந்தை வேண்டாமா? என்னிடமிருந்து வேண்டாமா?

போன வாரம் வந்த மாமியார் கடிதம் அவர் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில். எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன். "நாலு வருஷம் பார்த்தாச்சு. உன் அத்தை மகளுக்கு இன்னும் எங்கும் முடியவில்லை. நீ ஒரு வார்த்தை எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டாரா?

நவம்பர் 2. திங்கள்

வெயில். இரண்டு நாள் துணியும் காய்ந்தது. தலைவலி. காப்பி இல்லாத தலைவலிதான்.

பக்கத்து அறை பரிமளம் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரியில் கிளார்க். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. ஒரு வருடமாக ஒரு சண்டை இல்லை. 

சாயங்காலம் என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசிலிருந்து வந்த நேரம். மாடிப்படியில் அக்காவின் குரல், தணிந்து: "இனியும் மறைக்கிறது பாவம், தம்பி." நான் எட்டிப் பார்த்தேன். பேச்சு நின்றது. அக்கா உடனே நிமிர்ந்து, "பிள்ளை, தேங்காய் ஒண்டு இருக்கோ?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் கூடையில் மூன்று தேங்காய் கிடந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

நவம்பர் 3. செவ்வாய்

மூட்டம். துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் மடித்த சீட்டு. இங்கிலீஷ். எனக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. அவர் பெயர். ஆஸ்பத்திரி முத்திரை. ஊதா மையில் கிறுக்கல். ஆகஸ்ட் மாதம்.

வந்ததும் காட்டினேன். "அதுவா... ஆபீஸ்ல எல்லாருக்கும் மெடிக்கல் செக் பண்ணாங்க" என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரித்தார். ஆபீஸ் மெடிக்கல் பொங்கலுக்கு முந்தின வாரமே முடிந்தது. அன்று பசியாறாமல் போனார். எனக்கு நன்றாக ஞாபகம்.

என்னவாக இருக்கும்?
ஒன்று, நோய். இருமல் இல்லை, மெலியவும் இல்லை.
இரண்டு, வேறொருத்தி. ஆனால் சீட்டில் இருப்பது இவர் பெயர்.
மூன்று, கப்பல். ஊருக்குப் போகிறவர்கள் அம்மை ஊசி போட்டுச் சீட்டு வாங்க வேண்டுமாம். கீழ் வீட்டுச் செட்டியார் போனபோது பார்த்தேன்.

மூன்றுதான். தீபாவளிக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டவேயில்லை. பிரிக்காமல் வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு ஆயிற்று.

பால் குடிக்கப் பிடிக்கவில்லை. பழம் மட்டும்.

நவம்பர் 4. புதன்

மறுபடி மழை. அவர் வேலைக்குப் போனதும் பெட்டியைத் தேடினேன். கப்பல் டிக்கெட் இல்லை. சீட்டும் இல்லை. ஆபீசில் வைத்திருப்பார்.

அடுப்படியில் அக்கா தனியாக இருந்தார். நேராகக் கேட்டுவிட்டேன். "அவர் கப்பலுக்கு எழுதிட்டாரா, அக்கா?"

"கப்பலோ? என்ன கப்பல், பிள்ளை?"

"உங்களுக்குத் தெரியும். படியில பேசினதைக் கேட்டேன்."

அக்கா அடுப்பைத் தணித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதை நான் சொல்லக்கூடாது. அவரிட்டையே கேளும். ஆனா நீர் இப்பிடிப் பட்டினி கிடக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமக் கிடக்கு."

அப்படியானால் ஏதோ இருக்கிறது. அக்காவும் கூட்டு. இனி என் பால் சட்டி அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சட்டியை எடுத்து வந்துவிட்டேன்.

நவம்பர் 5. வியாழன்

தேக்கா மார்க்கெட்டில் கண் இருட்டிவிட்டது. கீரை விற்கும் சீனத்தி என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். விசிறினாள். "புவாசா?" என்றாள். விரதமா என்கிறாள். தலையாட்டினேன்.

"சுவாமி புவாசா?"

"ஆமாம், சாமிக்குத்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவள் சிரித்து, என் தாலியைத் தொட்டுக் காட்டி மறுபடி கேட்டாள். அப்புறம்தான் உறைத்தது. மலாயில் சுவாமி என்றால் புருஷன். உன் புருஷனும் பட்டினியா என்கிறாள்.

"இல்லை" என்றேன். மலாயிலும் சொன்னேன், "திடா லா." அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கட்டு கீரையைக் கூடையில் சேர்த்துப் போட்டாள்.

வழியெல்லாம் அதே கேள்வி. பிள்ளை இருவருக்கும்தானே. ஒருவருக்கு மட்டும் எப்படிப் பட்டினி?

அவரிடம் மயங்கியதைச் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும்போது கையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன். கோயிலுக்கு நானும் வரேன்" என்றார். கோயில் வாசலைத் தாண்டாத மனிதர். பயமாக இருக்கிறது. நாளை சொல்லப் போகிறார்.

நவம்பர் 6. வெள்ளி. சூரசம்ஹாரம்

டோபி காட் ஸ்டாப்பில் பஸ் இறங்கி டேங்க் ரோடு கோயிலுக்கு நடந்தோம். தூறல். ஒரே குடை, நடுவில் ஒரு முழ இடைவெளி.  நானே கேட்டேன்.

"எப்போ கப்பல்?"

"என்ன கப்பல்?"

"அத்தை மகளுக்குத் தாலி கட்ட. அந்தச் சீட்டு ஊசிச் சீட்டுதானே?"

அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"ஊசியும் இல்ல, கப்பலும் இல்ல. அக்கா வீட்டுக்காரர்தான் டாக்டர்கிட்ட அழைச்சிக்கிட்டுப் போனார். டெஸ்ட் எடுத்தாங்க. குறை எங்கிட்டதான், கமலா. உங்கிட்ட ஒண்ணுமில்ல."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கூசுகிறது. கப்பல் இல்லை, அத்தை மகள் இல்லை. அந்த நிம்மதி நாலு அடி நடப்பதற்குள் போய்விட்டது.

"ஆகஸ்ட்லயே தெரியுமா?"

தலையசைத்தார்.

"அதுக்கப்புறம் உங்கம்மா எத்தனை கடிதாசு போட்டாங்க? என்னைய மலடின்னு எழுதினாங்களே, படிச்சீங்கதானே?"

"படிச்சேன்."

"இந்த ஆறு நாளும் நான் பட்டினி கிடந்ததைப் பார்த்தீங்கதானே?"

"வேணாம்னு சொன்னேனே..."

"வேணாம்னு சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே."

 குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவர் தோள் முழுக்க நனைந்தது. நனையட்டும் என்று விட்டேன்.

கோயிலில் சரியான கூட்டம். சூரனின் தலை மாறி மாறி வந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள், "நல்லா வேண்டிக்க, அடுத்த வருஷம் கையில பிள்ளையோட வருவே" என்றாள். அவர் காதில் விழுந்தது. தரையைப் பார்த்தார். நான் என்ன வேண்டினேன்? ஒன்றும் வேண்டவில்லை. கேட்க எதுவும் தோன்றவில்லை. கடைசித் தலை விழும்வரை நின்றேன்.

வீட்டில் பரிமளம் அக்கா எனக்காகப் பால் காய்ச்சி வைத்திருந்தார். கதவருகிலேயே நின்றார். "நான் அவரிட்ட எத்தினையோ தரம் சொன்னனான், பிள்ளை." வாங்கிக் குடித்தேன். என் பால் சட்டியை மறுபடி அடுப்படியில் கொண்டு வைத்தேன். 

நவம்பர் 7. சனி

வெயில். விரதம் முடிக்கும் பாரணை. இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. அவருக்கும் வைத்தேன். தட்டைத் தள்ளினார்.

"இன்னைக்கு நான் சாப்பிடல. உனக்காக ஒரு நாளாவது..."

"சஷ்டி நேத்தோட முடிஞ்சிடுச்சு."

"கமலா..."

"பட்டினியெல்லாம் வேணாம். கிடக்க எனக்கே தெரியும். மத்தியானம் வேலை முடிஞ்சதும் வாங்க. உங்கம்மாவுக்கு எழுதணும். உங்க கையால."

தட்டையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பார்க்காத மாதிரி சாம்பார் ஊற்றினேன்.

"என்னன்னு எழுதறது?"

"டாக்டர் சொன்னதை."

"ஊரெல்லாம் தெரிஞ்சிடும்."

"நாலு வருஷமா என்னைப் பத்தி ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கே. செத்தா போயிட்டேன்?"

தட்டை இழுத்துக்கொண்டார். மெதுவாகத் தின்றார். அவர் மூன்று இட்லி. நான் ஏழு.