மின்னல் என்று நான் பெயர் வைத்தவர்

மார்ச் 3, ஞாயிறு

நேற்று இசைத்தட்டு கேட்கிற எங்கள் சனிக்கிழமை சபை வழக்கம்போல் என் வீட்டு முன்னறையில் கூடியது. சபை என்றால் மூன்று பேர்: நான், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர், தபால் பிரிக்கும் வேலையில் இருக்கிற என் மச்சினன். நான் ஒருவனே பத்துப் பேருக்குச் சமம் என்பதால் கூட்டத்துக்கு எப்போதும் குறைவில்லை.

இந்த ஊரில் ஜாஸ் என்ற மேல்நாட்டு இசையின் பெயரை முதலில் சொன்ன வாய் என்னுடையது. இளவட்டத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் வாத்தியக் குழுவை மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது பிடித்த பைத்தியம் இது. தட்டு கழுவினேன் என்பாள் என் மனைவி. தட்டு கழுவுகிற இடத்திலிருந்து மேடை நன்றாகவே தெரியும். அதற்குப் பெயர் மேற்பார்வைதானே?

நேற்றும் கடைசியாக மின்னலைப் போட்டேன். சாக்ஸபோன் வாசிக்கிறவர். அட்டையில் உள்ள பெயர் யார் வாயிலும் நுழையாது என்று நான்தான் மின்னல் என்று வைத்தேன். அவ்வளவு வேகம். உலகத்திலேயே அவரைவிட வேகமாக யாரும் ஊதவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அவருடைய முதல் இசைத்தட்டு இந்த ஊரில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு வெளிநாட்டுக்காரர் என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

தட்டில் ஒரே குறை. இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல். அந்த இடம் நெருங்கும்போது நான் ஊசியைத் தூக்கிவிடுவேன். விட்டுப்போகிற பகுதியை நானே முனகி நிரப்பி, கீறலைத் தாண்டி ஊசியை இறக்குவேன். அசலில் அங்கே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது. என்ன இருந்தாலும் என்னுடையது அதைவிட ஒரு படி மேல்தான். கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அண்ணே, அந்த இடம் வர்றதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன்" என்றார் நேற்றும்.

தட்டு ஓட்டுகிற மெஷினும் லேசுப்பட்டதில்லை. பழைய சாமானாக வாங்கி வந்த முதல் வாரமே தட்டைச் சுழற்றுகிற பெல்ட் வழுக்கியது. ரிப்பேர்க்காரன் கையை விரித்துவிட்டான். நான் மோட்டார் உருளையின் மேல் கருப்பு டேப்பைச் சுற்றி அதன் மேல் பெல்ட்டை மாட்டினேன். அன்று பிடித்த பிடி, பத்து வருடமாக விடவில்லை. அந்தக் கம்பெனிக்காரன் இதைப் பார்த்தால் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவன் நின்றுகொண்டிருப்பான்.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "அந்த மனுஷனை யாருங்க துரத்துறா? ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுறார்?"

காதில்லாதவர்களோடு குடித்தனம்.

மார்ச் 6

பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை எனக்கு. இன்று ஏழாம் மேடையை அறிவித்தபோது ஒரு அம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் குரலையே கேட்டுக்கொண்டு நின்றாள். பஸ்ஸே அவளுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 10, ஞாயிறு

கம்பவுண்டருக்கு அவர் மகள் புது மெஷின் அனுப்பியிருக்கிறாள். அது மட்டுமில்லை. அவர் எங்கேயோ தேடிப்பிடித்து மின்னலின் முதல் தட்டை வாங்கிவிட்டாராம். அதே தட்டு. கீறலே இல்லாததாம்.

"அடுத்த சனிக்கிழமை நம்ம வீட்ல வச்சுக்கலாமா அண்ணே? நீங்க வந்து கேட்டுட்டுச் சொல்லணும்."

சொல்கிறேன். சொல்லாமலா?

ஆனால் ஒன்று. இத்தனை வருடம் முன்னறை, தேநீர், மெஷின் எல்லாம் என்னுடையவை. ஒரு பார்சல் வந்தது, உடனே சபை இடம் மாறுகிறது.

மார்ச் 16, சனி

போனேன். வந்துவிட்டேன்.

அது மின்னல் இல்லை. ஊசி வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மெட்டு அதேதான், டிரம் அடிக்கிறவன் இருமுகிற இடம்கூட அதேதான், ஆனால் நடை தளர்ந்து, குரல் கனத்து, யாரோ வயசானவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி. வானொலியில் ஒருமுறை கேட்டபோதும் இப்படித்தான் இருந்தது. வானொலிக்காரர்கள் நேரத்தை நிரப்பப் பாட்டை இழுத்து ஓட்டுவார்கள் என்று அன்றே கண்டுபிடித்தவன் நான். ஆனால் இது தட்டு. தட்டே இப்படியென்றால்?

"போலி" என்றேன். "எவனோ காப்பியடிச்சிருக்கான். ஏமாந்துட்டீங்க."

கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, ஒருவேளை உங்க மெஷின்ல ஏதாவது..."

என் மெஷினில். என் வீட்டுத் தேநீரைப் பத்து வருடம் குடித்த வாய். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"ஆயுசு பூரா மருந்துல தண்ணி கலந்தவருக்கு, அசல் எது கலப்படம் எதுன்னு எங்க தெரியப்போகுது?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். கம்பவுண்டர் ஊசியை எடுத்தார். தட்டைத் துடைத்தார். உறையில் போட்டார். "இன்னொரு டீ போடட்டுமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து இல்லை. பொதுவாக.

அவர் தண்ணீர் கலந்ததே இல்லை. அது எனக்குத் தெரியும். என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் வருகிற வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். வாயில் வந்துவிட்டது, நான் என்ன செய்ய? அவர் மட்டும் ஏன் அப்படிக் கேட்டார்?

மார்ச் 17

நிலையத்தில் எல்லோருக்கும் சொன்னேன். போலியைக் கண்டுபிடித்த கதையை மூன்று டிரைவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவர் என் காதை இன்ஷூர் பண்ணச் சொன்னார்.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று நாற்காலிகளைப் போட்டு வைத்தேன். யாரும் வரவில்லை. மச்சினனுக்கு உடம்பு சரியில்லையாம். அவனை மீன் கடை வாசலில் பார்த்ததாக மனைவி சொன்னாள். நன்றாகத்தான் இருந்தானாம்.

தனியாகக் கேட்டேன். ஊசியைத் தூக்கி முனகினேன். யாருக்காக முனகுகிறேன் என்று பாதியில் ஒரு நினைப்பு. நிறுத்திவிட்டேன்.

மார்ச் 29

மச்சினன் வந்தான். உட்காரவில்லை. கம்பவுண்டர் மகளோடு போய் இருக்கப் போகிறார், கடல் தாண்டி. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, தனியாகச் சமாளிக்க முடியவில்லை. ஏப்ரல் இருபதாம் தேதி கிளம்புகிறார்.

"போய் ஒரு வார்த்தை பேசிடுங்க அத்தான்."

"அவர் வரட்டும்."

"முழங்கால் வலிக்குதுன்னு இப்பத்தானே சொன்னேன்?"

இவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறான்.

ஏப்ரல் 4

பெல்ட் அறுந்துவிட்டது. கழற்றியபோது உருளையிலிருந்த கருப்பு டேப்பும் காய்ந்த சருகாக அதோடு வந்துவிட்டது. கடையில் புது பெல்ட் வாங்கி மாட்டினேன். டேப்பே தேவைப்படவில்லை, நன்றாகவே பிடித்தது. மின்னலைப் போட்டேன்.

ஓடவில்லை. நடக்கிறார்.

மின்சாரம் குறைவு என்று நினைத்து அடுத்த வீட்டில் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 5

இன்றும் அப்படியே. கம்பவுண்டர் வீட்டில் கேட்ட அதே நடை, அதே கனம். டேப் போன என் மெஷினும் அவருடைய புது மெஷினும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றையே சொல்கின்றன. அப்படியென்றால் இத்தனை காலமாக ஓடியது யார்? மின்னல் இல்லை. உருளை தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும். சைக்கிள் கடைக்காரனுக்கு இது தெரியும். எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

வேறு ஒன்றும் நடந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பாட்டு ஓடும்போது அவள் இந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது யாருங்க, புது ஆளா? பாவம், எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு."

"கரண்ட் கம்மி."

"அப்ப கரண்ட் இப்படியே இருக்கட்டும்."

மெஷினை அணைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். தலை வலிக்கிறது என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

புது டேப் வாங்கி உருளையில் சுற்றினேன். ஒரு சுற்று சுற்றினால் பழைய மின்னல் வரவில்லை. இரண்டு சுற்று சுற்றினால் வண்டு ரீங்காரம். பாதிச் சுற்று சுற்றினால் தட்டு நொண்டுகிறது. பழைய டேப் எத்தனை தடிமனோ, எப்படி இழுத்து ஒட்டினேனோ, இனி எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

டேப் இல்லாமல் கேட்டால் கம்பவுண்டர் முகம். டேப்போடு கேட்டால் பொய் என்று தெரிந்துவிடுகிறது. கேட்கவே வேண்டாம் என்று மூடி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 13, சனி

கம்பவுண்டர் தெருவரைக்கும் போனேன். என்னவென்று சொல்ல? உங்க தட்டு அசல், என் காதுதான் போலி, அப்படியா? தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

இன்று கம்பவுண்டர் புறப்பட்டார். விமான நிலையம் போகிற பஸ் எங்கள் நிலையத்திலிருந்துதான். நான் மேலே என் கண்ணாடிக் கூண்டில். அவரைக் கண்டதும் மைக்கைக் கையில் எடுத்து, "பயணிகளே, இன்று நம் ஊரின் மிகச் சிறந்த காது நம்மை விட்டுப் போகிறது" என்று ஆரம்பித்தேன். நிலையமே நின்றுவிட்டது. பிறகு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். அவர் அழுதார். நானும். டிரைவர் ஹாரன் அடிக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தார். தட்டை என் கையில் கொடுத்து, "அண்ணே, இது உங்க கிட்டதான் இருக்கணும்" என்றார்.

ஏப்ரல் 21

நேற்று எழுதியது எதுவும் நடக்கவில்லை.

அவர் ஆறாம் மேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தடியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. மகள் படியேறி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"மாமா, அப்பா கீழ இருக்காங்க. அவங்களால ஏற முடியலை."

"டூட்டியில இருக்கேம்மா."

"அஞ்சு நிமிஷம் மாமா."

"எழுந்திருக்க முடியாதும்மா. வண்டி வர்ற நேரம்."

வண்டி வருகிற நேரமெல்லாம் இல்லை. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் இறங்கிப் போய் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். நான் குனிந்து பேப்பரைப் புரட்டினேன்.

பிறகு அறிவித்தேன். விமான நிலையம் செல்லும் பேருந்து, ஆறாம் மேடை. வழக்கம்போல் இரண்டு தடவை. குரல் நன்றாகத்தான் வந்தது. அந்தக் குரலில் வேறு எதுவும் இருந்ததா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

மெஷினையும் தட்டையும் மச்சினனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மே 11, சனி

சபை இப்போது மச்சினன் வீட்டில். கூப்பிட்டான். வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாக இருக்கிறது.

ஜூன் 1, சனி

போனேன். கதவருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மச்சினனோடு அவனுடைய தபால் நிலையத்து ஆள் ஒருவரும் இருந்தார். யாரும் என்னைக் கருத்துக் கேட்கவில்லை. நல்லது.

பாதியில் ஃபோன் வந்தது. கம்பவுண்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிடுகிறாராம். மச்சினன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஃபோனை மேசையில் வைத்தான்.

"அண்ணன் வந்திருக்காரா?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"இல்லைங்க. டூட்டியாம்."

"சரி, சரி." பிறகு, "ரெண்டாம் பக்கம் போடு தம்பி."

போட்டான். மெதுவாக, கனமாக, சரியான வேகத்தில். கீறல் இருக்கிற இடம் வந்தது. இந்தத் தட்டில் கீறல் கிடையாது, ஊசி நேராகப் போயிற்று. அங்கே என்ன இருக்கிறதென்று முதல் தடவையாகக் கேட்டேன். அங்கே சாக்ஸபோனே இல்லை. மின்னல் வாசிக்காமல் நிற்கிறார். பின்னால் பேஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம் மட்டும் நடக்கிறது.

அந்த இடைவெளியில் ஃபோனிலிருந்து ஒரு முனகல் வந்தது. நான் ஊசியைத் தூக்கிக்கொண்டு முனகுவேனே, அதே மெட்டு. ஒரு வளைவு விடாமல். கம்பவுண்டர் வேகத்தை மட்டும் குறைத்திருந்தார். பேஸோடு சரியாகப் பொருந்தியது.

தட்டு முடிகிற வரை இருந்துவிட்டு, அவர் ஃபோனை வைப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"எப்படி இருந்தது?" என்று மனைவி கேட்டாள். நான் கதை சொல்வதற்கு வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருந்தது" என்றேன்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான்.