ஈரத்தில் காயும் கிண்ணம்

1987 ஏப்ரல் 14, பிளெய்ன்ஸ்பரோ, அமெரிக்கா

முதல் தடவை மருந்து ஏற்றி ஐந்து நாள் ஆகிறது. வாயில் இன்னும் இரும்பு. எதைச் சாப்பிட்டாலும் ஆணியைச் சப்புகிற மாதிரி. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் 'அமலி' என்று பெயர் வெட்டியவை, அலமாரியில் பளபளவென்று நிற்கின்றன. டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாலே குமட்டுகிறது.

இவர் மதியம் ஆபீஸிலிருந்து கார் ஓட்டி வந்து ரசம் வைத்துத் தருகிறார். ஒன்பது வருஷமாக அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத தாமஸ்! கூடவே உட்கார்ந்து தானும் சாப்பிடுகிறார். தினமும் ஒரே கேள்வி. "உப்பு சரியா இருக்கா?"

எனக்கு எங்கே தெரிகிறது? "ஒண்ணும் தெரியலைங்க."

கட்டியை எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதியை அழிக்க மருந்து ஆறு தடவை ஏற வேண்டும். இப்போது எடை தொண்ணூற்றாறு பவுண்டு. தொண்ணூறுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவேன் என்கிறார் டாக்டர். ஆக, சாப்பிடுவதுதான் என் வேலை. உலகத்திலேயே சுலபமான வேலை, அதைச் செய்ய முடியவில்லை.

ஏப்ரல் 17

பக்கத்து வீட்டில் மறுபடியும் ஷவர் சத்தம். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் பத்து நிமிஷம். ஆள் குளிக்கிற அசைவே இல்லை. சுவரில் தலை சாய்த்துப் படுத்தால் மழைக்குள் படுத்திருப்பது போலிருக்கிறது. தூங்கிப்போனேன்.

ஏப்ரல் 23

லாண்டரி ரூமில் பக்கத்து வீட்டு அம்மாவிடமே ஷவரைப் பற்றிக் கேட்டுவிட்டேன். பெயர் ஒகாடா. ஜப்பான்காரி, புருஷனுக்கு இங்கே மருந்துக் கம்பெனியில் மூன்று வருஷ வேலை. சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

பாத்ரூம் முழுக்க ஆவி. தொட்டிக்கு மேல் பலகை, பலகையில் மரக் கிண்ணங்கள்! அண்ணன் ஊரில் கடைந்து பார்சலில் அனுப்புகிறாராம், இந்த அம்மா பூசுகிறார். பூசுவது ஒரு மரத்தைக் கீறி வடித்த பால். துணியால் மெல்லிசாகத் தேய்த்து, துடைத்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, இப்படி எட்டு தடவை. அந்தப் பால் வெயிலில் காயாதாம். ஈரத்தில்தான் காயுமாம், அதற்குத்தான் ஷவர்.

ஈரத்தில் காய்வதா? இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தொடப் போனேன். "வேண்டாம், காயும்வரை தொட்டால் கையில் கொப்புளம் வரும்" என்று தடுத்தார். பண்ருட்டிக்காரியிடம் சொல்கிறார்! முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கொப்பளித்த கை இது. அதே ஜாதி மரமாம்.

முழுசாகக் காய்ந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் தினம் சாப்பிடுவது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அதைக் கழுவிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 24

ரசம் அந்தக் கிண்ணத்தில். கொதிக்கக் கொதிக்க ஊற்றியும் உள்ளங்கையில் இளஞ்சூடுதான். எடை என்று ஒன்றும் இல்லை. விளிம்பு உதட்டில் பட்டபோது உதட்டுக்கே தெரியவில்லை.

ருசி கிடையாது. ஆனால் இரும்பும் கிடையாது. முழுசாகக் குடித்தேன். உள்ளே கறுப்புப் பூச்சுக்கு அடியில் வரிவரியாக மரத்தின் வளையங்கள். பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விட்டேன். இவர் இரண்டு முறை கூப்பிட்டாராம்.

மே 6

தொண்ணூற்றேழு!

மே 15

ஐயோ. என்ன சொல்ல.

மூன்று நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்கவே இல்லை. பாத்திரம் கழுவியது இவர். இன்று பெருமையாகக் கொண்டுவந்து நீட்டுகிறார். "அடியில ஒரே கறுப்புக் கறை அமலி. ஸ்டீல் நார் போட்டு நல்லா தேச்சேன். பாரு, எப்படி வெளுத்துடுச்சு!"

கறையா? எட்டுப் பூச்சையும் சுரண்டியிருக்கிறார் மனுஷன். கத்திவிட்டேன். அறிவிருக்கா உங்களுக்கு, அடுத்த வீட்டுச் சாமான்னு தெரியாதா, நான் இனிமே எதுல சாப்பிடறது? வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து அவரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

ஒகாடா அம்மா கிண்ணத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலிருந்து பூசலாம்" என்றாராம். பூசுவதோடு முடியாது, நன்றாக இறுகவும் வேண்டும். அக்டோபர் ஆகும். பலகையில் இருப்பவையும் அதற்கு முன் தயாராகாதாம்.

அக்டோபர். நான் இருப்பேனா? இவரிடம் கேட்கவில்லை. இங்கேதான் கேட்கிறேன்.

ஜூன் 10

ஒகாடா அம்மா பூச்சில்லாத மரக்கரண்டி ஒன்று தந்தார். பேப்பர் கப்பில் ரசமோ தயிர்சாதமோ, மரக்கரண்டி. அதை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறேன். தொண்ணூற்று மூன்று.

ஜூலை 19

புழுக்கம் தாங்கவில்லை என்று ஊரே புலம்புகிறது. இன்னும் புழுங்கட்டும் மாதாவே என்று நான் வேண்டிக்கொள்கிறேன். கிண்ணம் காயட்டும்.

ஆகஸ்ட் 8

ஐந்தாவது மருந்து. தொண்ணூற்றொன்று.

பகலில் ஒரு கனவு. அந்தப் பலகையில் நானும் கவிழ்ந்து கிடக்கிறேன். சுற்றிலும் ஆவி, தலையில் முடி இல்லாதது அங்கே பொருத்தமாகவே இருந்தது. யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் என்று மூடிவிட்டுப் போகிறார்கள். பயமே இல்லை. விழித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஷவர்.

செப்டம்பர் 5

ஆறாவதும் ஏறியாகிவிட்டது. தொண்ணூறரை. அந்த அரை பவுண்டுக்கு ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 28

தூங்கினேன்.

அக்டோபர் 24

கிண்ணம் வந்தது. முன்னைவிடக் கறுப்பு, வெளிச்சத்தில் சாய்த்தால் உள்ளே சிவப்பு. இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தேய்க்க மாட்டேன்" என்று ஒகாடா அம்மாவிடம் இங்கிலீஷில் ஒரு தரம், என்னிடம் தமிழில் ஒரு தரம்.

மதியம் ரசம். வழக்கம்போல இருவரும் எதிரெதிரே. தூக்கி ஒரு வாய் குடித்தேன். அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"என்ன அமலி? குமட்டுதா?"

"உப்பு கரிக்குதுங்க."

தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாயில வைக்க முடியலை. எவ்வளவு போட்டீங்க?"

"நீ ஒண்ணும் தெரியலை, ஒண்ணும் தெரியலைன்னே... தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே வந்தேன்."

அவருடைய டம்ளரை இழுத்துக் குடித்துப் பார்த்தேன். அதே ரசம். அதே கரிப்பு. இத்தனை மாதமாக இதைத்தான் எதிரே உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"உப்பு கரிக்குது."

அழுதுகொண்டே எழுந்து போய்க் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்து என் கிண்ணத்தில் ஊற்றினார்.