பிரேக்குக்கு யார் கால் அளவு?

மார்ச் 3, செவ்வாய்

பல்ப் மாற்றுகிறேன் என்று ஸ்டூலில் ஏறிய என் வீட்டுக்காரர், வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஆறு வாரம் மாவுக்கட்டு. டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஸ்டியரிங் பிடிக்கலாமா?” பாவம், டாக்டர் நிஜக் கார் என்று நினைத்து ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

இவர் கேட்டது எங்கள் சாப்பாட்டு அறை மூலையில் இருக்கும் பந்தய விளையாட்டை. மேசை மேல் ஸ்டியரிங், அடியில் பலகையில் முடுக்கிய மூன்று பெடல், எதிரே திரை. 22ஆம் தேதி ஆன்லைனில் இந்த சீசனின் கடைசிப் பந்தயம். அணிக்கு இரண்டு பேர், ஒருவர் வராவிட்டால் அணியே கிடையாது. இவருக்கு ஜோடி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் நண்பர். எல்லோருக்கும் அவர் கேப்டன்.

“நான் ஓட்டுறேன்” என்றேன். இரண்டு வருஷமாக டீயை வைத்துவிட்டு ஓரக்கண்ணால் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். ஆசை இல்லை என்றால் அது பச்சைப் பொய்.

மார்ச் 4, புதன்

கேப்டன் போனில் இழுத்தார். “பதினஞ்சாம் தேதிக்குள்ள, ரோட்ட விட்டு வெளிய போகாம பத்து ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும் தங்கச்சி. அப்புறம் பாப்போம்.” வேறொரு பையனையும் கேட்டு வைத்திருக்கிறாராம். வைத்திருக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

பிரேக்கை மிதித்தால் கார் நிற்கவில்லை, நான்தான் பின்னால் போகிறேன்! சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வழுக்கிக்கொண்டு போய் பீரோவில் இடித்தது. இவர் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் எடைக்கு அது அசையாது, என் எடைக்கு ஓடுகிறது.

நான் வேலை பார்க்கும் ஷூ கடையில், கண்ணாடி அலமாரியில் இருந்து வெளுத்துப்போன ஒற்றை ஷூக்கள் ஒரு மூட்டை கிடக்கின்றன. ஐந்தைக் கேட்டு வாங்கி வந்து, நாற்காலியின் ஐந்து சக்கரத்துக்கும் போட்டுவிட்டேன். ஐந்துமே இடது கால். இப்போது ஒரு அங்குலம் நகரட்டும் பார்க்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

கடைசி வளைவு என் பிராணனை வாங்குகிறது. நேர்ச்சாலையில் பறந்து வருகிறேன், மிதிக்கிறேன், கார் பாட்டுக்கு மணலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்று மட்டும் இருபத்து மூன்று முறை.

இந்தப் பிரேக், பெடல் எவ்வளவு கீழே போகிறது என்று பார்க்காதாம். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதுதான் கணக்காம். பெடலோ கல் மாதிரி இருக்கிறது. திரை ஓரத்தில் ஏறவேண்டிய சிவப்புக் கோடு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

“இன்னும் மிதி” என்கிறார். மிதிக்கிறேன். “இன்னும்!” தொடை நடுங்குகிறது.

மார்ச் 10, செவ்வாய்

மணல்.

மார்ச் 11, புதன்

கேப்டன் ஸ்பீக்கரில் பேசுவது சமையலறை வரை கேட்கும் என்று இவருக்குத் தெரியாதா? “பிரேக் மிதிக்கவே பயப்படுறாங்கப்பா. விடு, நான் அந்தப் பையனயே சேத்துக்கறேன்.”

பயமா? எனக்கா? காலு மரத்துப்போற வரைக்கும் மிதிக்கறேன், பயமாம்!

அழுதுவிட்டேன். நாற்பத்தொரு வயதில், ஒரு விளையாட்டுக்காக. விளையாட்டுதான். ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட இடம் அது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இவர் ஒற்றைக் கையால் டீ போட்டுக் கொண்டுவந்தார். “ஞாயிறு வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்” என்றார். டீயில் சர்க்கரையே இல்லை. குடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

சாயங்காலம் கடைக்கு ஒருவர் வந்தார். தம்பிக்கு ஷூ வேண்டுமாம், தம்பி வரவில்லை. தன் காலையே நீட்டினார். “எனக்குச் சரியா இருந்தா அவனுக்கும் சரியா இருக்கும்மா.”

“அது எப்படிங்க? உங்க கால்ல அளவெடுத்துட்டு அவரு நடக்கலன்னா, அவரயா குத்தம்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கேட்டேன். “ஏங்க, இந்த பிரேக்குக்கு முழு அழுத்தம்னு ஒண்ணு செட் பண்ணியிருப்பீங்கல்ல? யாரு கால வச்சுப் பண்ணீங்க?”

“என் காலுதான். சுவத்துல முதுகக் குடுத்து, முழு பலத்தோட…” அவரும் பாதியில் நின்றுவிட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார், கட்டுப் போட்ட கையால். வலியில் கத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தொண்ணூற்று நான்கு கிலோ மனிதரின் முழு பலம்தான் முழு பிரேக் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். நான் உயிரைக் கொடுத்து மிதித்தாலும் அதற்கு அது அரை பிரேக்தான்!

செட்டிங்ஸைத் திறந்து பழையதை அழித்தேன். வெறுங்காலோடு மிதித்தேன். முழு பலத்தோடு அல்ல, பத்து ரவுண்டும் சலிக்காமல் மிதிக்கக்கூடிய அளவுக்கு. பிறகு ஸ்பேனரை எடுத்து, பெடல் பலகையை இரண்டு துளை என் பக்கம் நகர்த்தி முடுக்கினேன். குதிகால் தரையில் அழகாக உட்கார்ந்தது.

முதல் ரவுண்டு, கடைசி வளைவு. சிவப்புக் கோடு உச்சி வரை ஏறியது. கார் மூக்கைத் தாழ்த்தி, சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

பத்து ரவுண்டு. கேப்டன் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட ரோட்டை விட்டு வெளியே போகவில்லை. பத்தாவது முடிந்ததும், “தங்கச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கங்க” என்றார். நேராகச் சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது.

இன்னும் ஐந்து ரவுண்டு சும்மா ஓட்டினேன்.

மார்ச் 22, ஞாயிறு

இருபது காரில் ஏழாவது! கேப்டன் நான்காவது. கடைசி ரவுண்டில், அந்தக் கடைசி வளைவில்தான் ஒருவரைத் தாண்டினேன். அவர் சீக்கிரமே பிரேக் போட்டார், நான் பொறுத்துப் போட்டேன். இவர் நாற்காலிக்குப் பின்னால் குதித்த குதியில் ஒரு ஷூ கழன்று போனது. சந்தோஷம், சந்தோஷம், வேறென்ன எழுத.

ஏப்ரல் 16, வியாழன்

இவருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கை மெலிந்து, வெளுத்து இருக்கிறது. ஆனால் நன்றாக மடக்குகிறார்.

சாயங்காலம் நான் பயிற்சியில் இருக்கும்போது கேப்டனின் போன். புது சீசனுக்குப் பெயர் கொடுக்க வேண்டுமாம், யார் பெயர் என்று கேட்டார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

‘அவரே ஓட்டட்டும், நான் சும்மா மாற்று ஆள்தானே’ என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அந்த வாக்கியத்தைக் காலையிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். கால் பிரேக்கிலேயே இருந்தது, எடுக்கவில்லை.

“என் பேரையே போடுங்கண்ணே.”

கேப்டன் நீளமாக மூச்சு விட்டார். “அப்பாடா! எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்.”

“அடப்பாவிகளா, ரெண்டு பேருமா!” என்று இவர் கத்தினார். கத்திக்கொண்டே என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி, ஓட்டு. மூணாவது வளைவுல நேரத்த விடுற, அதப் பாப்போம்” என்றார்.