மலை நாட்டின் வாக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் மனைவி, உன் மகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கிரேன் மேல் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காமல் மாட்டிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரும் திருத்தவில்லை. எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் டீச்சரம்மா என் எழுத்தைப் பார்த்து, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி மேலிருந்து கீழே இழுக்கிறீர்கள் என்று சிரிப்பார். வேறு எப்படி இழுப்பேன்? வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்தேன். சுவரில் யார் யாரோ எழுதி வைத்ததை எல்லாம் என்னவென்றே தெரியாமல் அழித்து வெள்ளையடித்தவன், இப்போது தெருவில் ஒரு சுவரையும் விடுவதில்லை. பல் வைத்தியர் போர்டு, வீடு வாடகைக்கு, இங்கே குப்பை கொட்டாதே, எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். உன் மனைவி, "மாமா, பால் வாங்கப் போனீங்களா, பரீட்சை எழுதப் போனீங்களா?" என்று கேட்கிறாள்.

போனில் பேசலாமே என்பாய். போனில் உன் மகள் பேச்சு வந்தால் நீ குரலை உயர்த்துகிறாய், நானும் உயர்த்துகிறேன், கடைசியில் சிக்னல் சரியில்லை என்று இரண்டு பேருமே பொய் சொல்லி வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதப் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மாநாட்டில் முதல் பரிசு வாங்கினால் மேல்படிப்பு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் உன் சிநேகிதர் கம்பெனியில் பில் போடும் வேலை என்று உன் மகளிடம் சொல்லியிருந்தாய். பரிசு கிடைக்கவில்லை என்று அவளே உனக்குச் செய்தி அனுப்பியிருப்பாள். ஏன் கிடைக்கவில்லை என்பதை அனுப்பியிருக்க மாட்டாள். அதை நான் சொல்கிறேன். கெடுத்தது நான்தான்.

பதறாதே. முதலிலிருந்து சொல்கிறேன்.

மாதிரி ஐக்கிய நாடுகள் சபை என்று அந்த மாநாட்டுக்குப் பெயர். பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பேசி வாக்குப் போடுவார்கள். பெரிய பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று நீ ஒருமுறை கேலி செய்தாய். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். கடைசி நாள் வீட்டு ஆட்களும் வந்து பார்க்கலாம் என்றார்கள். உன் மனைவிக்குத் தையல் கடையில் லீவு கிடைக்கவில்லை. உன் பழைய கறுப்புக் கோட்டை அவள்தான் மகளுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு உன் மகள் முன்னே நடக்க, நான் பின்னே நடந்தேன். தோளை ஒரு பக்கம் சாய்த்து நடப்பது அப்படியே நீதான்.

பல்கலைக்கழகத்தில் ஒரு நீள அறை. மேஜைகளைக் குதிரை லாடம் மாதிரி வளைத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய அட்டை. எல்லாம் நம் மொழியிலேயே நடந்ததால் எனக்கும் புரிந்தது. அங்கே யாரும் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'எங்கள் நாடு' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பையன் எழுந்து, எங்கள் நாடு கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதி கேட்கிறது என்றான். அவசரம் அவன் முகத்தில் தெரிந்தது. தலைவராக இருந்த கண்ணாடி போட்ட பையன் சிரிக்காமல் மரச் சுத்தியைத் தட்டி அனுமதி கொடுத்தான். நான்தான் வாயைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

அன்றைய பிரச்சினை ஓர் ஆறு. நாட்டுப் பெயர்கள் எல்லாம் நீளமாக இருந்தன, எழுதினால் தாள் தீர்ந்துவிடும், அதனால் நானே சுருக்கிக்கொள்கிறேன். ஆற்றின் மேலே மலை நாடு. அது அணை கட்டி மின்சாரம் விற்றுப் பிழைக்கிறது. கீழே வயல் நாடு. கோடையில் தண்ணீர் வராமல் காய்கிறது. உன் மகள் வயல் நாடு. கோடையில் இவ்வளவு தண்ணீர் திறந்துவிட வேண்டும், அணையின் நீர்மட்டத்தைத் தினமும் சொல்ல வேண்டும் என்று அவள் ஒரு தீர்மானம் எழுதியிருந்தாள். கடல் ஓரத்துத் துறைமுக நாட்டுக்கு ஒரு பையன். அவனுக்கு நான் வெங்கலத் தொண்டை என்று பெயர் வைத்துவிட்டேன், மைக் இல்லாமலே அறை அதிரும். அவனும் ஒரு தீர்மானம் வைத்திருந்தான். அதில் ஒன்றும் இல்லை. எல்லாரும் அடுத்த வருஷம் கூடிப் பேசுவோம், அவ்வளவுதான். யாருடைய தீர்மானம் நிறைவேறுகிறதோ அவருக்கே முதல் பரிசு என்றார்கள்.

மதியம் மலை நாட்டுப் பெண் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் வாக்கெடுப்பு கிடையாது என்பது அவர்கள் விதி. பதிலாள் உட்காரலாம், ஆனால் அந்த நாட்டின் கொள்கைத் தாளைத் தானே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பையன் பார்வையாளர் வரிசையைப் பார்த்தான். அங்கே நானும், தூங்கிக்கொண்டிருந்த வேறொரு பிள்ளையின் அப்பாவும்தான் இருந்தோம். பையன் என்னிடம் வந்து, "தாத்தா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

மகனே, வங்கியில் கேட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் எழுந்து நின்று, தெரியும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

வெங்கலத் தொண்டை உடனே அட்டையைத் தூக்கினான். இவர் வயல் நாட்டுப் பிரதிநிதியின் சொந்தத் தாத்தா, ஒரு வாக்கு இப்போதே அவர்கள் பையில் விழுந்துவிட்டது, எங்கள் நாடு இதை எதிர்க்கிறது என்றான். அறையில் சலசலப்பு. உன் மகள் எழுந்தாள். "அந்த நாற்காலியில உட்கார்ந்தா அவர் என் தாத்தா இல்லை, மலை நாடு. அவர் தாளில் என்ன இருக்கோ அதன்படி வாக்குப் போடட்டும்" என்றாள். தலைவர் பையன் சுத்தியைத் தட்டினான். என்னை உட்கார வைத்தார்கள்.

தாளை எடுத்தேன். விரல் வைத்துப் படித்தேன். தண்ணீர் கொடுக்கச் சம்மதம். நீர்மட்டம் சொல்லச் சம்மதம். வெளி ஆட்கள் எங்கள் அணைக்குள் நுழைந்து சோதனை போட மட்டும் சம்மதம் இல்லை, அப்படி ஒரு பிரிவு இருந்தால் எதிர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு உன் மகளின் தீர்மானத்தை எடுத்துப் படித்தேன். அந்தப் பிரிவு அதில் இருந்தது. எந்த நேரமும் வெளி ஆட்கள் வந்து சோதிக்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். மாறவில்லை.

வாக்கெடுப்புக்கு முன்னால் கலந்து பேச நேரம் விட்டார்கள். உன் மகள் ஒவ்வொரு நாடாகப் போய்ப் பேசினாள். ஒருவரிடம் கெஞ்சல், ஒருவரிடம் கிண்டல், ஒருவரிடம் கணக்கு. அவள் பேசுவதை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். நானாக எழுந்து போனால் பேத்திக்கு உதவுகிறேன் என்பார்கள். அவள் என்னிடமும் வருவாள், அந்தப் பிரிவைக் காட்டலாம் என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். வெங்கலத் தொண்டைதான் டீயோடு வந்தான். மரியாதையாக உட்கார்ந்து, உங்கள் நாட்டுக்கு என்ன வேண்டும் ஐயா என்று கேட்டான். நல்ல பையன்தான்.

வாக்கெடுப்பு. வயல் நாட்டின் தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் என்றதும் கைகள் எழுந்தன. உன் மகள் எண்ணிக்கொண்டே என்னைப் பார்த்தாள். என் கை மேஜை மேலேயே இருந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் தூக்கினேன். பெயிண்ட் டப்பாவைத் தூக்கி ஏணி ஏறின கை, அன்றைக்கு அவ்வளவு கனத்தது. ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் விழுந்தது. பிறகு வெங்கலத் தொண்டையின் தீர்மானம் வந்தது. பேச்சுவார்த்தையை மலை நாடு எப்போதும் வரவேற்கும் என்று என் தாளில் இருந்ததால், அதற்கும் கை தூக்கித் தொலைத்தேன். அது நிறைவேறியது. பரிசு அவனுக்கு.

தோற்றவர்களும் ஒரு நிமிடம் பேசலாம். உன் மகள் எழுந்து எல்லா நாட்டுக்கும் நன்றி சொன்னாள். கடைசியில், எங்கள் தீர்மானத்தை முழுக்கப் படித்துப் பார்த்த மலை நாட்டுக்கும் நன்றி என்றாள். குரல் கொஞ்சம் ஆடியது, ஆனால் உடையவில்லை. பிறகு நேரே போய் வெங்கலத் தொண்டையின் கையைக் குலுக்கினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள். "ஏன் தாத்தா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் அந்தச் சோதனைப் பிரிவைச் சொல்லிவிட்டு, பிறகு சொன்னேன்: "காட்டின இடத்துல எல்லாம் கைநாட்டு வெச்சவன்மா நான். அப்பெல்லாம் என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. இப்போ படிச்சிட்டேன். படிச்சிட்டுப் படிக்காதவன் மாதிரி எப்படி இருக்கறது?"

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "தப்பு என்னோடதுதான் தாத்தா. எல்லார்கிட்டயும் போய்க் கேட்டேன். நீங்க நம்ம ஆள்தானே, கேட்க என்ன இருக்குன்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள், நம் நிறுத்தம் வருவதற்குள் துடைத்துக்கொண்டாள். வீட்டில் உன் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு நாட்டுக்கும் இன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்றாள். அப்புறம் எனக்குத்தான் முதலில் பரிமாறினாள்.

இதைக் கேள். சாப்பிட்ட கையோடு உன் மகள் தீர்மானத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாநாடு முடிந்துவிட்டது, பரிசும் போய்விட்டது, இனி அந்தத் தாளை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அடித்து அடித்து எழுதினாள். வெளி ஆட்கள் வேண்டாம், இரண்டு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து நின்று நீர்மட்டத்தை அளக்கட்டும் என்று மாற்றி, என் முன்னால் வைத்து, இப்போது மலை நாடு என்ன சொல்கிறது என்று கேட்டாள். படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்றேன். மறுநாள் டீ குடிக்கும்போது கை தூக்கினேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். பரிசுக்காகச் செய்கிறவள் முகம் இல்லை அது.

நீ வைத்த நிபந்தனைப்படி அவள் தோற்றுவிட்டாள். அவள் வாக்குத் தவற மாட்டாள். வேலைக்குப் போகிறேன் என்று உன் மனைவியிடம் சொல்லியும்விட்டாள். அதைச் சொன்ன பிறகு வீட்டில் அவள் சத்தமே இல்லை. நீ நல்லதற்குத்தான் ஏற்பாடு செய்தாய். தூரத்தில் வெயிலில் நின்று உழைக்கிறவன், மகள் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் உன் சிநேகிதரைக் கேட்டாய், கம்பெனிக்காரரைக் கேட்டாய். நம் பிள்ளைதானே, அவளைக் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாய்.

அடுத்த முறை போன் செய்யும்போது முடிவு எதுவும் சொல்லாதே. உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேள். கேட்டுவிட்டு அவள் பேசி முடிக்கும்வரை சும்மா இரு. அதற்குப் பிறகும் உனக்குச் சம்மதம் இல்லை என்றால், இல்லை என்று சொல், ஏன் என்றும் சொல். அவள் தாங்குவாள். நான் பார்த்துவிட்டேன்.

எனக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. முன்பெல்லாம் உன் கடிதத்தை யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்வேன். அது தெரிந்துதான் நீயும் எப்போதும் நான் நலம், வேலை நலம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவாய். இனி நானே படிப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரி விடமாட்டேன். அங்கே உனக்கு உண்மையில் எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா,
சொந்தக் கையால்.