ஆகஸ்ட் மாதத் தண்ணீர்

ஜூன் 12
பறிப்பு முடிந்தது. ரீட்லி ஊர்ப் பக்கம் இந்த வருடம் முதலில் இறங்கிய பீச் பழம் எங்களுடையதுதான். முதுகு விட்டுப்போயிற்று. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 30
கால்வாயில் தண்ணீர் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கும் தம்பி காரோவுக்கும் பொதுக் கிணறு ஒன்றுதான். அதுவும் இறங்கிக்கொண்டே போகிறது. அவனுடையது செப்டம்பர் பழம். சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றான். "உன் மரம் காய்ச்சு ஓய்ஞ்சிருச்சேண்ணே. ஆகஸ்ட் முழுக்க எனக்கு விடேன்." சரி என்றேன். பழமில்லாத மரத்துக்கு எதற்குத் தண்ணீர்?

ஆகஸ்ட் 27
தண்ணீர் விடாமலும் என் மரங்கள் வாடவில்லை. வீண் கிளைகள்கூடக் குறைவு. "கிளை வெட்டுற கவாத்து வேலை பாதிதான்," என்றாள் அராக்சி. என் மனைவி எதையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை.

செப்டம்பர் 19
காரோவின் பழம் ஒரு கையில் அடங்கவில்லை.

ஏப்ரல் 14
நெருக்கமான பிஞ்சுகளைக் களைக்க ஆள் இறங்கியது. மேஸ்திரி எவுசேபியோ ஏணியிலிருந்து சிரித்தான். "முதலாளி, உங்க மரமெல்லாம் ரெட்டப்புள்ள பெத்திருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளைக்குக் கிளை, ஒட்டிப் பிறந்த பிஞ்சுகள். இதையெல்லாம் யார் வாங்குவார்கள்? விவசாய ஆலோசகரைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்: "போன ஆகஸ்ட்ல தண்ணி விட்டீங்களா?" மறுவருடத்துப் பூ மொட்டுக்குள் உருவாகும் மாதம் அது; அப்போது மரம் காய்ந்தால் பிஞ்சு இரட்டையாகிவிடும். எனக்குத் தெரியாததா? தெரியும். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன் – அவ்வளவுதான்.

ஏப்ரல் 15
இரட்டைப் பிஞ்சுகளைக் கிள்ளிப் போட்டதில் பாதிக்கு மேல் தரையில். காரோவிடம் சொல்லப்போவதில்லை.

மே 28
அராக்சி காரோவிடம் சொல்லிவிட்டாளாம். "உங்க தம்பிக்கு வாய் இருக்கு, கேட்டாரு. உங்களுக்குத்தான் வாயே இல்லியே, நான் என்ன செய்ய?" கோபம் வந்தது. திட்டக்கூடத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 6
கிணறு இன்னும் இறங்கிவிட்டது. ஒரு தோட்டத்துக்குத்தான் காணும். காலையில் போனால் என் தோட்டத்து வால்வு திறந்திருக்கிறது. காரோ பக்கத்திலேயே குந்தியிருந்தான். மூடப்போன என் கையைத் தட்டிவிட்டான்.
"டேய், உன் பழம் தொங்குதுடா."
"தெரியும். போண்ணே, பேசாமப் போ."

செப்டம்பர் 21
காரோவின் பழம் எலுமிச்சை அளவு. தரம் பிரிக்கிற இடத்தில் ஒரு பெட்டிகூட எடுக்கவில்லை. சாறு பிழிய ஏற்றி அனுப்பிவிட்டான். என் மரங்கள் கரும்பச்சையாக நிற்கின்றன. வருகிற வருடம் ஒற்றை ஒற்றையாக, நன்றாகவே காய்க்கும். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூசுகிறது.