அய்யனார் போட்ட ஃபியூஸ்

சிதம்பரம்,
6.9.2024

மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். போனில் என் தம்பி அய்யனார் பேச்சை எடுத்தாலே சிக்னல் போய்விடுகிறது. மஸ்கட்டில் அப்படி என்ன சிக்னலோ! அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பரங்கிப்பேட்டை ஜக்கரியா பாய் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தைக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. மாத்திரையை நீட்டினால், "இளவரசு போன் பண்ணானா?" என்று உங்களைத்தான் கேட்கிறார். உங்கள் கடலூர் பட்டறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். பாதி வயரிங் முடிந்த கரண்ட் பேனல் ஒன்று உள்ளே நிற்கிறது. லால்பேட்டை ரைஸ்மில்காரர் அதைக் கேட்டு வந்துவிட்டுப் போனார். அவரிடம் என்ன சொல்லட்டும்?

அய்யனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். முகத்தில் புண் ஆறிவருகிறது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. நான் சோறு பிசைந்து வைக்க, இடது கையால் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிடுகிறான். முதுநகர் ஐஸ் பேக்டரியில் அவனை ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான். நீங்கள் செய்த பேனல், உங்கள் மச்சான் கையில் இருந்தால் உங்களுக்கு நிம்மதி என்றீர்கள்.

நேற்று, விபத்தை விசாரிக்கும் அதிகாரி நீங்கள் அனுப்பிய மெயிலை அவனுக்குப் படித்துக் காட்டினார். நானும் கூட இருந்தேன். பேனல் செய்து கொடுத்தபோது நாலு ஸ்கொயர் தடிமன் வயருக்கு இருபத்தைந்து ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தேன், ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் அறுபத்து மூன்று போட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சத்தியம். இரண்டாம் பாதியை எந்தக் கையால் எழுதினீர்கள் மாமா?

நமக்குக் கல்யாணமான புதிதில், அடிக்கடி போகிறதே என்று எங்கள் அப்பா ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றப் போனார். நீங்கள் பாய்ந்து பிடுங்கினீர்கள். "ஃபியூஸ் போனாத்தான் வயரு பொழைக்கும் மாமா. அத தடியா போட்டா வயரு எரியும், வூடும் சேந்து எரியும்" என்றீர்கள். எனக்கு அன்று எவ்வளவு பெருமை!

அதே வாயால்தான் ஜூன் மாதம் என் தம்பிக்கு யோசனை சொன்னீர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன வாரம் அது. முதலாளி பெரிய கம்ப்ரசராக வாங்கி மாட்டிவிட்டார், மத்தியானமானால் பழைய ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. வயரைத் தடியாக மாற்றப் பேனலை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஐஸ் இல்லாமல் மீன் அழுகும் என்று முதலாளி குதித்தார். அய்யனார் உங்களுக்குத்தான் போன் போட்டான். ஸ்பீக்கரில் பேசினீர்கள், நான் உங்கள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "இப்போதிக்கு அறுவத்திமூணு போட்டு ஓட்டு மச்சான், ஞாயித்துக்கெழம நானே வந்து வயர மாத்திப்புடுறேன்" என்றீர்கள். "வயரு தாங்குமா மாமா?" என்று அவன் கேட்டான். "அதான் நான் சொல்றன்ல" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மஸ்கட் வேலைக்கு இன்டர்வியூ என்று சென்னைக்குப் போனீர்கள். மறுநாள் ஃபியூஸ் போகவே இல்லை, கல்லு மாதிரி இருந்தது. வயர்தான் உள்ளே சூடேறிச் சூடேறி, மேல்தோல் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி வெடித்தது. புகை வருகிறதே என்று பேனல் கதவைத் திறந்தவன் என் தம்பி.

அவன் இன்னும் உங்கள் பேரைச் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏன்டா என்றால், "மாமா பேர இழுத்தா நீ எப்பிடிக்கா வாழுவ?" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை போயிற்று, வயர்மேன் லைசென்ஸும் போகப்போகிறது, கேஸும் அவன் மேலேயே. நான் வாழவேண்டும் என்று அவன் பொய் சொல்கிறான். நீங்கள் எதற்காகச் சொல்கிறீர்கள்?

நீங்களே உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று அவன் உங்களுக்குப் போன் செய்ததும், அப்போது நான் பக்கத்தில் இருந்ததும் அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. என்ன பேசினீர்கள் என்று விசாரிக்க, வருகிற இருபத்து மூன்றாம் தேதி என்னைக் கடலூருக்கு வரச் சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்ததை அப்படியே சொல்லப்போகிறேன். அய்யனார் என் காலில் விழுந்து தடுத்தாலும் சொல்வேன்.

அதற்கு முன்னால் நீங்கள் எழுதிவிடுங்கள் மாமா. அவசரத்தில் நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வரி போதும். ஊர் என்ன பேசினாலும் உங்கள் பக்கத்தில் நிற்பேன், நீங்கள் திரும்பி வரும்போது கதவைத் திறப்பேன். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இன்றுவரை உங்கள் மனைவி,
வெண்மதி