மேல்மாடி விசில்

பிப்ரவரி 8, சனி

காலையிலேயே மேல்மாடியில் விசில் ஆரம்பித்துவிட்டது. தம்பி ஹெர்பர்ட்டின் ஆஸ்துமா மூச்சுதான். ஆஸ்டின் டவுன் பழைய வீடு, நடுவில் மரத்தளம். அவனுக்கு இழுத்தால் கீழே எனக்குக் கேட்கும், நான் தும்மினால் மேலேயிருந்து ஆசீர்வாதம் வரும். துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டு தட்டினேன். ‘இன்ஹேலர் பம்ப் அடிடா’ என்று அர்த்தம். அவனும் காலால் இரண்டு தட்டினான். ‘அடித்தாயிற்று, நீ தூங்கு.’ இருபது வருடமாக எங்கள் வீட்டு டெலிபோன் இதுதான். பில் வருவதில்லை.

தெருமுனை மரம் பூத்துவிட்டது. ஊரே அதன் அடியில் நின்று செல்ஃபி எடுக்கிறது. நாங்கள் இருவரும் கைக்குட்டை எடுக்கிறோம். அப்பாவுக்கு இருந்ததும் இருமல்தான், ஆனால் அது தங்கவயல் சுரங்கத்தில் கம்பெனி கொடுத்தது. எங்களுடையது சொந்த முயற்சி.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச் முடிந்து மேலே சாப்பாடு. தம்பி மனைவி தனலட்சுமி மட்டன் குழம்பு வைத்திருந்தாள். இந்துப் பெண் வேண்டாமென்று, உயிரோடிருந்த காலத்தில் மூன்று வருடம் பேசாமலிருந்த அம்மாவை வாய் திறக்க வைத்தது இந்தக் குழம்புதான். முதலில் சாப்பிடத் திறந்தாள், பிறகு பேச.

ஹெர்பர்ட் வழக்கமான பிரசங்கம். “அலர்ஜின்னா என்னக்கா? எதிர்ப்பு சக்தி ஓவரா இருக்குன்னு அர்த்தம். தூசியையே உள்ள விடாத உடம்பு, கிருமிய விட்ருமா?” அவன் ஏசி ரிப்பேர் பார்க்கும் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் பாதிப் பேர் ஃப்ளூவில் படுத்தார்களாம், இவன் மட்டும் நின்றானாம்.

“நிமோனியா தடுப்பூசிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு ஒரு வருஷமா ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கு” என்றாள் தனம்.

“அது வீக்கானவங்களுக்குடி.”

நானும் தலையாட்டினேன். எனக்கும் அதே வியாதி. ஐம்பத்து நாலு வயதில், கல்யாணமாகாத ஸ்கூல் கிளார்க்கை ‘பலசாலி’ என்று யார் சொல்கிறார்கள்? கிடைத்ததை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ஹெர்பர்ட்டுக்குக் குளிர்க் காய்ச்சல். கட்டிலே ஆடுகிறது. மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்துகிறதாம். சளி துரு நிறத்தில் வருகிறது என்று தனம் கிசுகிசுத்தாள். “சீசன்தான்” என்று பிஸ்கட் டப்பாவிலிருந்து போன வருடத்து ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். எங்கள் வீட்டில் எல்லோரும் டாக்டர். படித்தவர்தான் யாருமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காய்ச்சல் ஓடியேவிட்டது! இரண்டு தோசை தின்று, கம்பெனி கேப் ஏறிப் போய்விட்டான். தனம் மட்டும் விடவில்லை. “நீங்க சொன்னாத்தான் கேப்பாரு அண்ணி. ஒருவாட்டி காட்டிட்டு வரச் சொல்லுங்க.”

“காய்ச்சலே இல்லாதவனைக் கூட்டிட்டுப் போயி எதைடி காட்றது?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி — ஆஸ்பத்திரி

இன்று காலை விசில் கேட்கவில்லை. குணமாகிவிட்டான் என்று நினைத்து, புரண்டு படுத்து, நிம்மதியாகத் தூங்கினேன்.

தூங்கினேனே!

தனம்தான் ஓடி வந்து கதவை இடித்தாள். “அண்ணி, அவரு என்னென்னமோ உளர்றாரு, உதடெல்லாம் நீலம்.” விசில் வர வேண்டுமென்றாலும் கொஞ்சம் காற்று உள்ளே போக வேண்டுமாம். அதுகூடப் போகவில்லை. இங்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. கனம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஐசியு. மூச்சுக்குழாய்க்குள் குழாய். டாக்டர் ஸ்ரீவித்யாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்களுக்காகத் தரையில் உட்காராத குறையாகப் பொறுமையாகச் சொன்னாள். நிமோனியா. பாக்டீரியா. ரத்தத்திலும் கலந்துவிட்டது.

“எதிர்ப்பு சக்தி ஜாஸ்தின்னு சொல்லிட்டிருந்தானேம்மா?”

“ஜாஸ்தி இல்லம்மா, வேற பக்கம் திரும்பியிருக்கு. தூசிக்கும் பூந்தூளுக்கும் எதிரா ஆளத் திரட்டுன்னு உடம்பு சிக்னல் குடுத்துட்டே இருக்கும். அதே சிக்னல், பாக்டீரியாவத் தின்ன வேண்டிய செல்லையெல்லாம் கொஞ்சம் அடக்கியும் வச்சிடுது. சளி வேற அடைச்சுக்கும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. மத்தவங்களவிட ரிஸ்க் அதிகம், அவ்வளவுதான்.”

“மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டுச்சே?” இது தனம்.

“காய்ச்சல்தான் போச்சு. கிருமி அங்கேயேதான் இருந்துச்சு.”

எங்கள் தெருநாய் கர்னல் ஞாபகம் வந்தது. பால்காரர், கூரியர், விழுகிற இலை — எதையும் விடாது, குரைத்துத் தீர்க்கும். பக்கத்து வீட்டு சிலிண்டரைத் திருடன் தூக்கிப்போன அன்று அவனுக்கு வாலாட்டியது. இதை ஹெர்பர்ட்டிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். சொல்ல வேண்டும். விழித்ததும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிட்னியும் வேலை செய்யவில்லை. தனம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஹெர்பர்ட் போய்விட்டான்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம். அத்தனை மாலை. அவனுக்கு ஆகாத பூவெல்லாம் தேடித்தேடிக் கொண்டுவந்து அவன்மேல் போட்டார்கள். நான் விடாமல் தும்மினேன். ‘அக்கா எப்படித் தேம்புது பாரு’ என்று சித்தப்பா மகள் காதுபடச் சொன்னாள். அழவும்தான் செய்தேன். இரண்டும் கலந்து வந்தது, எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

எழுப்ப விசில் இல்லை. மூன்றாவது நாளாக ஆபீஸுக்கு லேட். ஹெட்மிஸ்ட்ரஸ் எதுவும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தனம் படியேறும்போது கதவைத் திறந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ‘எதைடி காட்றது?’ — அவள் காதில் இன்னும் அது இருக்கும். என் காதில் இருக்கிறதே!

மார்ச் 9, ஞாயிறு

காலை விழித்ததும் விசில். ஒரு நொடி — ஒரே ஒரு நொடி — மேலே பார்த்தேன். பிறகு புரிந்தது, விசில் என்னுடையது. உடம்பு கொதித்தது. தட்டுத்தடுமாறி மேலே போய் அந்த பிஸ்கட் டப்பாவைக் கேட்கலாமா என்று நினைத்தேன். ஆமாம், இத்தனைக்குப் பிறகும். பழக்கம் வெட்கம் பார்ப்பதில்லை.

நான் எழுவதற்குள் கதவு தட்டும் சத்தம். தனம் செருப்புப் போட்டு, கைப்பையோடு.

“மேல கேக்குது அண்ணி. கெளம்புங்க.”

“சீசன்டி...”

“அந்த வார்த்தைய என்கிட்ட சொல்லாதீங்க. ஆட்டோ நிக்குது.”

“டப்பா?”

“அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்.”

எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒன்றுமில்லை. வைரஸ் காய்ச்சல். டாக்டர் ஸ்ரீவித்யா, பம்பை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் விட்டதும் ஊசிக்கு வர வேண்டும் என்றாள். தனம் என்னை முந்திக்கொண்டு, “நான் கூட்டிட்டு வரேன்” என்றாள்.

மார்ச் 22, சனி

நேற்று நிமோனியா ஊசி போட்டாயிற்று. கை வீங்கி, குஸ்தி பயில்வான் மாதிரி இருக்கிறேன், ஒரு பக்கம் மட்டும்.

இன்று காலை, இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. மேலே தரையில் இரண்டு தட்டு. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். மறுபடியும் இரண்டு. மறுபடியும். பம்ப் அடித்து, துடைப்பக் கட்டையைத் தேடி எடுத்து நான் பதில் தட்டும்வரை தனம் நிறுத்தவில்லை.